பெற்றோல் குடிக்காத வாகனம்: றோட்டுச் செலவை யார் கொடுப்பது?

கொழுந்து ஏற்றிக்கொண்டு ஸ்டோருக்குப் போகும் லொறி எரிக்கும் எண்ணெயின் விலையில் ஒரு பங்கு, அரசாங்கத்துக்குச் சேரும் வரியாகும். டவுனுக்குப் போக நாம் கொடுக்கும் பஸ் காசிலும், இராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் ஆஸ்பத்திரிக்குப் பிடிக்கும் ஆட்டோவின் கூலியிலும் அதே வரி கலந்திருக்கிறது. தனியாக எழுதிக் காட்டாததால் அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

"நம்மகிட்ட வாகனம் ஏதுங்க? நடந்து போறவங்களுக்கு என்ன எண்ணெய் வரி?" என்று சிலர் கேட்கக்கூடும். கடைக்கு வந்த மாவும் அரிசியும் பருப்பும் மலையேறி வந்தது லொறியில்தானே! அந்த லொறிக்காரர் கட்டிய வரியைக் கடைக்காரர் விலையில் சேர்த்துத்தான் நம்மிடம் வாங்குகிறார். ஆகவே வாகனமே இல்லாத லயத்து வீட்டுக்கும் இந்த விஷயத்தில் பங்கு உண்டு.

இப்போது எண்ணெயே குடிக்காத வாகனங்கள் வந்துவிட்டன. நமது நாட்டில் 2020ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி திறக்கப்பட்டது. அதன்பிறகு மின்சாரக் கார்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கின. மின்சாரக் கார் எண்ணெய் நிரப்பும் இடத்துக்கே போவதில்லை; அதனால் எண்ணெய் வரியும் கட்டுவதில்லை. ஆனால் ஓடுவதென்னவோ அதே றோட்டில்தான். இப்படியே போனால் தார் போடவும், மதகு கட்டவும், கான் வெட்டவும் காசு எங்கிருந்து வரும்? உலகத்தில் பல அரசாங்கங்கள் இன்று விடை தேடும் கேள்வி இது. இந்தப் பாடத்தில் நாம் முக்கியமாக நியூசிலாந்து நாட்டின் அனுபவத்தைப் பார்ப்போம். ஓடிய தூரத்தைக் கணக்கிட்டு றோட்டுக் காசு வாங்குவதில் ஐம்பது வருடத்துக்குக் கிட்டிய பழக்கம் அந்த நாட்டுக்கு உண்டு.

ஆறு நாள் வேலையா, மூன்று சிலிங்கா?

எண்ணெய் வரி வருவதற்கு முன்பு றோட்டுக்கு எப்படிக் காசு சேர்த்தார்கள்? அதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1848ஆம் ஆண்டு, தேசாதிபதி டொரிங்டன் பிரபுவின் காலத்தில் வீதிச் சட்டம் ஒன்று வந்தது. வேலை செய்யக்கூடிய வயதிலுள்ள ஒவ்வோர் ஆணும் வருடத்தில் ஆறு நாள் றோட்டு வேலை செய்யவேண்டும். இல்லாவிட்டால் மூன்று சிலிங் கட்டவேண்டும் என்றது அந்தச் சட்டம். கண்டிக் கிராமத்து விவசாயி தன் வயலுக்குப் போவது வரப்பு வழியே. பெரிய றோட்டை உழுதுபோட்டவை கோப்பி மூட்டைகளைச் சுமந்த மாட்டு வண்டிகள். (அன்றைக்கு மலைநாட்டில் கோப்பிதான், தேயிலை பின்னால் வந்தது.) ஆனால் சட்டத்தின் முன் இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு. துவக்குக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி என்று வந்த மற்றவையும் இதோடு சேர்ந்துகொள்ள, அதே வருடம் மாத்தளைப் பக்கத்தில் கலகம் மூண்டது. புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டதும் அந்தக் கலகத்தில்தான்.

எல்லாரிடமும் ஒரே தொகை வாங்குவது பார்வைக்குச் சமமாகத்தான் தெரியும். உபயோகிக்காதவரிடமும் உபயோகிப்பவரின் அளவுக்கு வாங்கும்போதுதான் அதிலுள்ள கோணல் வெளிப்படும். இந்த 1848ஆம் வருடத்துக் கதையைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மேலே தேவைப்படும்.

பெற்றோலுக்கு றோட்டு வரி போடும் யோசனை அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 1919ஆம் ஆண்டு சட்டமானது. கலனுக்கு ஒரு சதம். பிறகு அது மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. இந்த வரி ஏன் இவ்வளவு காலம் நிலைத்து நின்றது? அதிகம் ஓடுகிறவர் அதிக எண்ணெய் அடிக்கிறார், ஆகவே அதிகம் கட்டுகிறார். பாரமான வண்டி கூட எண்ணெய் குடிக்கும், அதனால் அதுவும் கூடக் கட்டும். வீடு வீடாகப் போய்த் தட்ட வேண்டியதில்லை; எண்ணெய் விற்கும் ஒருசில கம்பனிகளிடம் வாங்கினால் போதும். ஒரு தடவையில் பெரிய தொகை கேட்காமல், லீற்றர் லீற்றராக, நோகாமல் எடுத்துக்கொள்கிறது. வரி என்று பார்த்தால் கெட்டிக்கார வரிதான்.

ஆனால் மின்சாரக் கார் வருவதற்கு முன்பே அதற்குச் சோர்வு வந்துவிட்டது. முன்பு பத்துக் கிலோமீற்றர் போக ஒரு லீற்றர் குடித்த கார், இன்று அதே லீற்றரில் இருபதுக்கு மேல் போகிறது. றோட்டுத் தேய்மானம் குறையவில்லை, வரி மட்டும் பாதியாகிறது. அரசியல்வாதிகளுக்கும் எண்ணெய் வரியைக் கூட்டப் பயம். அமெரிக்க மத்திய அரசின் பெற்றோல் வரி கலனுக்கு 18.4 சதம், 1993ஆம் ஆண்டு வைத்த அந்தத் தொகையில் அதன்பிறகு கை வைக்கவேயில்லை. அதற்குள் தாரின் விலையும் கூலியும் எங்கேயோ போய்விட்டன.

மின்சாரத்துக்கே வரி போட்டால் என்ன?

எளிதான வழி போலத் தோன்றும். எண்ணெய்க்கு வரி இருந்தது போல, கார் குடிக்கும் மின்சாரத்துக்கும் ஒரு வரி வைத்துவிடலாம் என்று சொல்வார்கள். சிக்கல் என்னவென்றால், காருக்குப் போகும் மின்சாரமும் லயத்துக் காம்பராவில் எரியும் பல்புக்குப் போகும் மின்சாரமும் ஒரே கம்பியில் வருகின்றன. சொந்தக்காரர் வீட்டிலேயே இரவு முழுக்கக் காரைச் செருகி வைக்கிறார். அது காருக்கா, தண்ணீர் சுட வைக்கவா என்று மீற்றருக்குத் தெரியாது. எல்லா மின்சாரத்துக்கும் வரி கூட்டினால், காரையே பார்த்திராத வீட்டுக்காரர் பிள்ளை படிக்கும் விளக்குக்கும் றோட்டுக் காசு கட்ட நேரிடும். காருக்கென்று தனி மீற்றர் வைக்கலாம்தான். ஆனால் சாதாரணச் சுவர்த் துளையிலிருந்தும் கார் மின்சாரம் எடுக்கும் என்னும்போது அதைக் கண்காணிப்பது எப்படி?

அடுத்த வழி, வருடத்துக்கு ஒரு தொகை. அமெரிக்காவில் பல மாநிலங்கள் மின்சாரக் காருக்கென்று வருடாந்தம் ஒரு தனிக் கட்டணம் வைத்திருக்கின்றன. வசூலிப்பது சுலபம், நம் நாட்டில் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது கட்டுவது மாதிரி. ஆனால் ஓய்வுபெற்ற ஒருவர் வருடத்தில் 3,000 கிலோமீற்றர் மட்டும் ஓட, வாடகைக் கார்க்காரர் 60,000 கிலோமீற்றர் ஓடுகிறார். இரண்டு பேருக்கும் ஒரே தொகை என்றால், அதிகமாகத் தேய்த்தவர் மலிவாகத் தப்புகிறார். 1848ஆம் வருடத்து மூன்று சிலிங்கை இங்கே நினைத்துப் பாருங்கள்.

மலையில் இரண்டு விதமாகச் சம்பளம் போடுவது நமக்கு நன்றாகவே தெரியும். ஒன்று பேர்: அன்றைக்கு வேலைக்கு நின்றால் ஒரு பேர். மற்றது கைக்காசு: எடுத்த கொழுந்துக்குக் கிலோ கணக்கு. வருடத்துக்கு ஒரு தொகை என்பது பேர் போடுவது போல. ஓடிய கிலோமீற்றருக்கு இவ்வளவு என்பது கைக்காசு போல. நியூசிலாந்து தேர்ந்தெடுத்தது கிலோமீற்றர் கணக்கை.

நியூசிலாந்து என்ன செய்தது?

நியூசிலாந்தும் மலையும் மழையும் உள்ள ஒரு தீவு நாடுதான். அங்கே பெற்றோல் விலையில் வரி இருக்கிறது, டீசலில் றோட்டு வரி கிடையாது. ஏன் என்று கேட்பீர்கள். டீசலில் பெரும் பங்கு பண்ணை ட்ரக்டருக்கும், மீன்பிடி வள்ளத்துக்கும், ஜெனரேட்டருக்கும் போகிறது. அவை றோட்டைத் தேய்ப்பதில்லை. அப்படியிருக்க அவற்றிடம் ஏன் றோட்டுக் காசு வாங்கவேண்டும்? ஆகவே டீசலை விட்டுவிட்டு, றோட்டில் ஓடும் டீசல் வாகனங்களிடம் மட்டும் 1978ஆம் ஆண்டிலிருந்து கிலோமீற்றர் கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள். அதற்கு வீதிப் பாவனைக் கட்டணம் என்று பெயர்.

அது நடக்கும் விதம் இப்படி. வாகனக்காரர் ஆயிரம் கிலோமீற்றர் துண்டுகளாக முன்கூட்டியே வாங்குகிறார். உதாரணமாக இன்றைக்கு அவருடைய மீற்றரில் 42,000 காட்டுகிறது. மூன்று துண்டு வாங்கினால் 45,000 வரை ஓடலாம். அந்த எண்கள் அச்சடித்த சீட்டை முன்கண்ணாடியில் ஒட்டி வைப்பது வெகுகாலப் பழக்கம். வாகனத்துக்குத் தகுதிச் சான்றிதழ் எடுக்கப் போகும்போது பரிசோதகர் மீற்றரைப் பார்த்துப் பதிகிறார். வாங்கிய தூரத்தைத் தாண்டி ஓடியிருந்தால் மிச்சத்துக்குப் பில் வரும், அபராதமும் வரும். பெரிய லொறிகளின் சக்கரக் குடத்திலேயே தூரம் எண்ணும் கருவி ஒன்று பூட்டியிருக்கும். லொறியின் மீற்றரைத் திருப்பினாலும் அது விடாது.

தராசு சரியாக இருந்தால்தான் கிலோவுக்குக் காசு என்ற கணக்கே சரிவரும் என்பதை நமது கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கூடையின் பாரம், தண்ணீரின் பாரம் என்று நிறுவையில் எவ்வளவு கழிக்கிறார்கள் என்று தினம் வாதாடுபவர்கள் அவர்கள். அங்கேயும் அதே கதைதான்: மீற்றரைப் பின்னால் சுற்றுவது குற்றம், இருந்தாலும் சுற்றுகிறவர்கள் இல்லாமல் இல்லை.

மின்சாரக் கார்களை முதலில் இந்தக் கட்டணத்திலிருந்து விலக்கி வைத்தார்கள். 2009ஆம் ஆண்டு கொடுத்த சலுகை அது. புதிய வகைக் கார்களை மக்கள் வாங்கப் பழகட்டும், புகையும் குறையட்டும் என்பது நோக்கம். அன்று அப்படிப்பட்ட கார்கள் ஒருசிலதான். றோட்டுப் பணத்தில் பெரிய ஓட்டை விழவில்லை. பிறகு எண்ணிக்கை ஏறக்குறைய ஒரு இலட்சத்தை எட்டியது. 2024 மார்ச் 31ஆம் திகதியோடு சலுகை முடிந்தது. ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து மின்சாரக் கார் 1,000 கிலோமீற்றருக்கு 76 நியூசிலாந்து டொலர் கட்டவேண்டும் என்று ஆயிற்று. சிறிய டீசல் வாகனத்துக்கும் அதே தொகைதான். மின்சாரம், பெற்றோல் இரண்டிலும் ஓடும், செருகிச் சார்ஜ் செய்கிற கார்களுக்கு 38 டொலர். அவை பெற்றோல் அடிக்கும்போதும் வரி கட்டுகின்றன அல்லவா, அதனால் பாதி.

அந்த வருடம் புதிய மின்சாரக் கார்களின் விற்பனை நன்றாகவே விழுந்தது. கட்டணம் மட்டும் காரணமில்லை. கார் வாங்குவோருக்கு அரசாங்கம் கொடுத்துவந்த உதவித் தொகையும் 2023 டிசம்பரோடு நின்றுபோனது. இரண்டு அடி ஒரே சமயத்தில் விழுந்தன. எமது அபிப்பிராயத்தில், கட்டணம் வாங்கியது சரி. ஆனால் இரண்டையும் கொஞ்சம் இடைவெளி விட்டுச் செய்திருக்கலாம்.

யார் எவ்வளவு கட்டுகிறார்கள்?

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள், பெருக்கல் பாடமாகவும் இருக்கும். நியூசிலாந்தில் பெற்றோல் லீற்றரில் றோட்டுக்கென்று போகும் வரி, அதன்மேல் வரும் விற்பனை வரியையும் சேர்த்தால், ஏறக்குறைய 80 சதம் ஆகும்.

ஓர் ஏழைத் தொழிலாளியின் பழைய கார் 100 கிலோமீற்றருக்கு 12 லீற்றர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1,000 கிலோமீற்றருக்கு 120 லீற்றர். வரி 96 டொலர். நடுத்தரமான ஒரு கார் 8 லீற்றர் குடித்தால் 1,000 கிலோமீற்றருக்கு 80 லீற்றர். வரி 64 டொலர். செருகிச் சார்ஜ் செய்யத் தேவையில்லாத புதிய ஹைபிரிட் கார் 4 லீற்றர்தான் குடிக்கும். வரி 32 டொலர். மின்சாரக் கார் 76 டொலர், முன்பு ஒன்றுமே இல்லை.

இதில் யாருக்கு நட்டம்? பழைய காரை வைத்திருப்பவருக்கு. புதிய ஹைபிரிட் வாங்க வசதியுள்ளவர் கட்டுவதைப்போல் அவர் மூன்று மடங்கு கட்டுகிறார், அதே றோட்டில் அதே தூரத்துக்கு. இந்த இடத்தைத்தான் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டும். எந்த நாட்டிலும் புதிய மின்சாரக் காருக்கு முதலில் மாறுவது காசுள்ளவர்கள்தான். எண்ணெய் நிரப்பும் இடத்தில் கடைசிவரை நிற்கப்போவது பழைய ஆட்டோக்காரர், பழைய லொறிக்காரர், பழைய பஸ். வரிப்பணம் குறைகிறதே என்று அரசாங்கம் லீற்றருக்கான வரியை மேலும் மேலும் கூட்டிக்கொண்டு போனால், அந்தப் பாரம் முழுவதும் கடைசியில் நிற்பவர்களின் தலையில் இறங்கும். அவர்களிடம் கூலி கொடுத்து ஏறுகிற நம்மிடமும் இறங்கும்.

நியூசிலாந்து அரசாங்கமும் இதைக் காரணமாகச் சொல்லித்தான், பெற்றோல் வரியை எடுத்துவிட்டு எல்லாச் சிறிய வாகனங்களையும் கிலோமீற்றர் கணக்குக்கு மாற்றும் திட்டத்தை 2025 ஆகஸ்டில் அறிவித்தது. ஏறக்குறைய 35 இலட்சம் வாகனங்கள். அவ்வளவு பேரும் கண்ணாடியில் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதால், மாதாமாதம் கட்டுவது, ஓடிய பிறகு கட்டுவது போன்ற வழிகளையும் யோசித்திருக்கிறார்கள். முன்கூட்டிக் கட்டுவதில் உள்ள கஷ்டம் நமக்குப் புரியும். எண்ணெயோடு சேர்த்து ஐந்தும் பத்துமாகக் கொடுப்பது வேறு, ஒரே தடவையில் 76 டொலர் எடுத்து வைப்பது வேறு. மாதக் கடைசியில் கையில் காசு இல்லாதவர் ஒரு வாரம் கட்டாமல் ஓடுவார், பிடிபட்டால் அபராதம். ஏழைக்கு அபராதம் என்பது வட்டிக்கு வட்டி மாதிரி.

பாரம் என்ற விஷயம்

தூரம் மட்டும் கணக்கில் எடுத்தால் போதுமா? போதாது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில் 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. பல விதமாக றோட்டுப் போட்டு, வட்டம் வட்டமாக லொறிகளை இரவு பகலாக ஓட்டி, எந்தப் பாரத்துக்கு எவ்வளவு பாதிப்பு என்று அளந்தார்கள். கிடைத்த முடிவு பலரை ஆச்சரியப்பட வைத்தது. ஒரு அச்சில் விழும் பாரம் இரண்டு மடங்கானால், றோட்டுக்கு வரும் பாதிப்பு இரண்டு மடங்கல்ல, ஏறக்குறைய பதினாறு மடங்கு. இரண்டை நான்கு தடவை பெருக்கிப் பாருங்கள்: 2 × 2 × 2 × 2. அச்சுக்கு ஒரு தொன் உள்ள காரையும் அச்சுக்கு எட்டுத் தொன் உள்ள லொறியையும் ஒப்பிட்டால், 8 × 8 × 8 × 8, அதாவது 4,096 மடங்கு.

மின்சாரக் காரின் பெற்றறி பாரமானது. அதே அளவு பெற்றோல் காரைவிடச் சில நூறு கிலோ கூட இருக்கும். அதை வைத்துக்கொண்டு, "மின்சாரக் கார்தான் றோட்டைக் கெடுக்குது" என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். மேலே சொன்ன கணக்கைப் பார்த்தால், காருக்கும் காருக்கும் உள்ள வித்தியாசம் லொறியின் முன்னால் தூசுக்குச் சமம். நியூசிலாந்தில் பெரிய லொறிகளுக்குக் கட்டணம் பாரத்தையும் அச்சுகளின் எண்ணிக்கையையும் பார்த்துத்தான் போடுகிறார்கள். ஒரே பாரத்தை அதிக அச்சுகளில் பகிர்ந்து கொண்டுபோகும் லொறிக்குக் கட்டணம் குறைவு. நியாயமான ஏற்பாடு என்றே நாம் நினைக்கிறோம். லொறிக்காரர்களுக்கு அது கசக்கும்தான்.

பாரத்துக்கு அடுத்தபடியாக றோட்டின் பெரிய எதிரி தண்ணீர். மலைப்பாதையில் கான் அடைபட்டு, தண்ணீர் றோட்டின் குறுக்கே ஓடினால், எந்த வாகனமும் ஓடாமலே ஒரு மழைக்காலத்தில் பாதை போய்விடும். இதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. வாகனம் தேய்க்காத இந்தச் செலவை வாகனக்காரர் தலையில் மட்டும் எப்படிப் போடுவது? நியூசிலாந்தில் உள்ளூர்ப் பாதைகளின் செலவில் ஏறக்குறைய பாதியைத்தான் வாகனப் பணத்திலிருந்து கொடுக்கிறார்கள். மீதியை உள்ளூர்ச் சபைகள் காணி, வீடுகளுக்கு வாங்கும் சோலை வரியிலிருந்து போடுகின்றன.

மற்ற நாடுகளில் நடந்தவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஒரிகன் மாநிலம், அதாவது 1919இல் பெற்றோல் வரியை ஆரம்பித்த அதே ஒரிகன், 2015 ஜூலையில் விருப்பமுள்ளவர்களுக்கு மைல் கணக்குத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மைலுக்கு ஒன்றரைச் சதம். "நான் எங்கெங்கே போறேன்னு அரசாங்கத்துக்கு எதுக்குத் தெரியணும்?" என்று அங்கே பலர் கேட்டார்கள். அதனால் இடத்தைப் பதியாமல் தூரத்தை மட்டும் பதியும் கருவியையும் தெரிவு செய்துகொள்ள விட்டார்கள். அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2021இல் மின்சாரக் காருக்குக் கிலோமீற்றர் வரி போட்டது. இரண்டு கார்ச் சொந்தக்காரர்கள் வழக்குப் போட, இப்படிப்பட்ட வரியை மாநிலம் போட முடியாது, மத்திய அரசுதான் போடலாம் என்று 2023 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஐஸ்லாந்து 2024 ஜனவரியிலிருந்து மின்சாரக் காருக்குக் கிலோமீற்றருக்கு 6 குரோனா வாங்கத் தொடங்கியது. பிரித்தானியா, 2028 ஏப்ரலிலிருந்து மைலுக்கு 3 பென்ஸ் வாங்கப்போவதாக 2025 நவம்பரில் அறிவித்தது.

வாங்கிய காசு எங்கே போகிறது?

இதுவரை வாங்கும் விதத்தைப் பார்த்தோம். கொடுக்கும் விதம் அதைவிட முக்கியம். நியூசிலாந்தில் பெற்றோல் வரியும் கிலோமீற்றர் கட்டணமும் தேசிய தரைப் போக்குவரத்து நிதியம் என்ற தனிப் பெட்டிக்குப் போகின்றன. றோட்டு, பொதுப் போக்குவரத்து, வீதிப் பாதுகாப்பு ஆகியவற்றுக்குத்தான் அதிலிருந்து எடுக்கலாம். அந்தப் பெட்டியும் அண்மைக் காலத்தில் போதாமல், அரசாங்கம் வேறு பணம் போட்டு நிரப்ப நேர்ந்தது. ஆனாலும் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று யாரும் கேட்கலாம், கணக்கு இருக்கிறது. நமது நாட்டில் எண்ணெய் வரி திறைசேரிக்குப் போய் மற்ற வரிகளோடு கலந்துவிடுகிறது. அங்கிருந்து வரவுசெலவுத் திட்டத்தின்படி பல திசையிலும் பிரிகிறது. நாளைக்கு இங்கேயும் மின்சார வாகனத்துக்குக் கிலோமீற்றர் கட்டணம் வந்தாலும், அது எந்தப் பெட்டிக்குப் போகும் என்ற கேள்வி முதலில் வரவேண்டும்.

அடுத்தது, எந்தப் பாதைக்கு? ஏ, பி வகுப்புப் பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சி, டி வகுப்பு வீதிகள் மாகாணத்துக்கு. சிறிய பாதைகள் பிரதேச சபைக்கு. நமது தோட்டப் பாதைகள்தான் வெகுகாலம் யாருடைய கணக்கிலும் வராமல் கிடந்தன. தோட்டம் தனியார் இடம் என்பதால், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு சபையின் கையைக் கட்டிப்போட்டிருந்தது. நம் மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த உறுப்பினர்களே, நம் லயத்துக்கு வரும் பாதையில் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாத நிலை. வரியை எண்ணெயோடு கட்டினோம், மாவோடு கட்டினோம். பாதையில் மட்டும் கல் தெரிந்தது. 2018ஆம் ஆண்டு சட்டம் திருத்தப்பட்டு, தோட்டக் குடியிருப்புகளுக்கும் பிரதேச சபை சேவை செய்ய வழி திறந்தது.

திறந்தது சட்டம்தான், ஒவ்வொரு பாதைக்கும் பணம் தானாக வந்துவிடாது. உங்கள் டிவிசனுக்கு வரும் பாதை பிரதேச சபையின் வீதிப் பதிவேட்டில் இருக்கிறதா, தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலேயே இருக்கிறதா என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பதிவேட்டில் இல்லாத பாதைக்கு, எவ்வளவு புதிய வரி வாங்கினாலும் ஒரு சதம் ஒதுக்க வழி இருக்காது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இதைத் தமிழிலேயே எழுத்தில் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. பிரதேச சபை அலுவலகத்தில் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். பாதையின் பெயர், எங்கிருந்து எங்கே போகிறது, ஏறக்குறைய எத்தனை கிலோமீற்றர், அது பதிவேட்டில் உள்ளதா, கடைசியாக எந்த வருடம் எவ்வளவு செலவிடப்பட்டது என்று தெளிவாக எழுதுங்கள். கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். தகவல் தரப்படுமா இல்லையா என்ற முடிவைப் பதினான்கு வேலை நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். எழுதுவதில் சிரமம் இருந்தால், மேல் வகுப்பில் படிக்கும் பிள்ளையை உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள். தோட்டத் தலைவரையும் கையெழுத்துப் போடச் சொல்லலாம், தனி ஆளாகவும் கொடுக்கலாம்.